பதினான்கு இங்கிலீஷ் ஸ்பேனர்களும் ஒரு கல்யாணமும்

விலை உயர்ந்த கருவியை வாங்கினால் அதைப் பிடிக்கிற கையும் கூடவே தேறிவிடும் என்று நம்பியவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. என் மனைவி சிவகாமி முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவளை யாரும் கட்டுரை எழுதச் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் இரண்டாவது கிராணியாக இருந்தேன். (கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி கடவுள் என்று நாங்களே நினைத்துக்கொள்வோம். தொழிலாளிகள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம்; கேட்டுப் பார்த்ததில்லை.) சின்ன துரை சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய பழைய அமெரிக்கக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்த வட்டாரத்தில் கார் வைத்திருந்த ஒரே தமிழ்க் கிராணி நான். அதற்குப் பிறகு நான் நடந்து போன தூரமெல்லாம் வீட்டிலிருந்து கார் நிற்கிற கொட்டகை வரைதான்.

கார் நன்றாகத்தான் ஓடியது. தொல்லை, துரை காரோடு விட்டுப்போன ஒரு கட்டுப் பழைய மோட்டார்ப் பத்திரிகைகளால் வந்தது. சீமையில் வீட்டிலேயே கார் பழுது பார்க்கிற கனவான்கள் அதில் கடிதம் எழுதிச் சண்டை போட்டிருந்தார்கள். வீட்டோடு வேலை செய்கிறவனுக்கு அத்தனை விலையில் ஸ்பேனர் தேவையா, மலிவானது போதாதா என்பதுதான் சண்டை. ஒரு கட்சி, நல்ல எஃகு ஆயுசுக்கும் உழைக்கும் என்றது. இன்னொரு கட்சி, மாதம் ஒரு தடவை எடுக்கிற சாமானுக்கு இத்தனை பணமா என்றது. நான் இரண்டு கட்சியையும் நடுநிலையோடு படித்து, எனக்கு ஆசையாக இருந்த கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

சிங்கப்பூருக்குப் போய், வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்குகிற கடை ஒன்றில், என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிவந்தேன். பதினான்கு ஸ்பேனர்கள். தேக்கு மரப் பெட்டி, உள்ளே பச்சை வெல்வெட், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம். கண்ணாடி மாதிரி மின்னும். பெட்டியைத் திறந்ததும் சிவகாமி எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு வெள்ளிச் சாமானா?"

"ஸ்பேனர்."

"இதுல ஏதாவது ஒண்ணு சமையலுக்கு ஆகுமா?"

ஆகாது என்றேன். அத்தோடு அவளுக்கு அந்தப் பெட்டியில் அக்கறை போய்விட்டது.

லாபிஸ் பட்டணத்தில் ஆ லெக் என்று ஒரு சீன மெக்கானிக் இருந்தான். அவனுடைய ஸ்பேனர்கள் உடைந்த லாரிப் பட்டையைக் காய்ச்சி அவனே அடித்துச் செய்தவை. கறுப்பாக, கோணலாக, ஒரு கம்பியில் கருவாடு மாதிரிக் கோத்துத் தொங்கும். அவனிடம் காட்டுவதற்கென்றே பெட்டியைக் கொண்டுபோனேன். (வேறு வேலை இருப்பதுபோலக் காற்றடிக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். நாலு சக்கரத்திலும் காற்று சரியாக இருந்தது.)

ஆ லெக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்பேனரை எடுத்தான். எடை பார்த்தான். விரலால் சுண்டி அது எழுப்பிய ஓசையைக் கேட்டான். அவன் முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது. பிறகு என் காரைப் பார்த்தான். மரியாதை போய்விட்டது.

"பாரங் பாகுஸ், கிராணி," என்றான். நல்ல பொருள் என்று அர்த்தம். "ஆனா கெரேத்தா லைன் லா, காரு வேற ஜாதி. காரு அமெரிக்கா. ஸ்பேனர் இங்கிலாந்து. அளவு வேற."

"நல்ல சாமான் எதிலும் பொருந்தும்," என்றேன்.

அவன் தன் கறுப்பு ஸ்பேனர்களிடம் திரும்பிப் போனான். இனி இவன் கடைப்பக்கம் வரமாட்டானே என்ற வயிற்றெரிச்சல் என்று நான் முடிவு செய்தேன். உண்மையில், நான் கூடிய சீக்கிரம் வருவேன் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன் சுந்தரத்துக்குக் கல்யாணம் கூடிவந்தது. சுந்தரம் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது அவன் வேலை. அதிகம் பேசமாட்டான். பெண் செகாமாட்டில், நில ஆபீஸ் தலைமைக் கிராணியின் மகள். அவர் மாப்பிள்ளையை அழைத்துவர வாடகைக் கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒரு தலைமைக் கிராணிக்கு இரண்டாவது கிராணி எழுதக்கூடிய மிக மிடுக்கான கடிதத்தை எழுதினேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை எங்கள் காரில்தான் வருவார் என்று.

முதல் நாள் ரயிலில் பெண்டுகள் எல்லாரும் செகாமாட்டுக்குப் புறப்பட்டார்கள். சிவகாமி கிளம்பும்போது கேட்டாள். "ஏங்க, நீங்களும் எங்களோடவே ரயில்ல வந்தா என்ன?"

"காரை வைத்துக்கொண்டு ரயிலிலா?"

"போன மாசம் வரைக்கும் ரயில்லதானே போனீங்க."

அவளை ஏற்றிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தேன். கல்யாணக் கார் அல்லவா, ஒரு தடவை எண்ணெய் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. எனக்கு வந்திருந்தது.

இன்ஜினுக்கு அடியில், பழைய எண்ணெயை வடிப்பதற்கு ஒரு பெரிய மரை ஆணி இருக்கும். அதைக் கழற்ற வேண்டும். மல்லாக்கப் படுத்துக்கொண்டு அரை என்று எண் பொறித்த ஸ்பேனரை எடுத்தேன். வாய் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருந்தது. வெள்ளைக்காரன் தாராளமானவன் என்று நினைத்துக்கொண்டேன். (இங்கிலீஷ்காரன் ஆணியின் தடிமனை அளந்து எண் போடுகிறான், அமெரிக்கன் ஆணித் தலையின் அகலத்தை அளந்து போடுகிறான் என்பதைப் பிறகு ஆ லெக் விளக்கினான். எண்கள் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.) பெரியது ஆணியின் தலையைச் சுற்றி வழுக்கியது. அடுத்த சிறியது உள்ளேயே போகவில்லை. பதினான்கையும் போட்டுப் பார்த்தேன். என் காருக்குத் தேவையான அளவைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா அளவும் அந்தப் பெட்டியில் இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கார் அப்போது முழுசாக இருந்தது. ஆனால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தவன் நிறுத்துவானா? பால் டின் ஒன்றை வெட்டி, தகரத்தை மடித்து ஸ்பேனருக்கும் ஆணிக்கும் நடுவே செருகி, இரண்டு கையாலும் இழுத்தேன். ஆணி கழன்றது. அதன் ஆறு மூலைகளில் நான்கு என்னோடு வந்துவிட்டன. பழைய எண்ணெயில் பாதி டின்னுக்குள்ளும் பாதி என் சட்டைக்குள்ளும் இறங்கியது. திரும்பப் பூட்டும்போது ஆணி உருண்டையாகிவிட்டதால் எந்த ஸ்பேனரும் பிடிக்கவில்லை. கையால் முடிந்தவரை திருகி, கடைசியில் ஸ்பேனரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தட்டியதும் மனசு நிறைந்தது. புது எண்ணெய் ஊற்றி இன்ஜினையும் நிறைத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். முகூர்த்தம் பத்து மணிக்கு மேல். இருபது மைல், ஒரு மணி நேரம் தாராளம். முன்னால் நான், பட்டு வேட்டி தலைப்பாகையோடு சுந்தரம். பின்னால் என் மாமனார், மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் தாலியும் கூறைப்புடவையும். நான் கோட்டும் டையும் போட்டிருந்தேன். ஸ்பேனர்ப் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தேன். செகாமாட்டில் யாராவது கேட்டால் காட்டலாம்.

வழியில் எண்ணெய் காட்டுகிற முள் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. விரலால் தட்டினேன். எழுந்திருக்கவில்லை.

"அது என்ன அத்தான்?" என்றான் சுந்தரம்.

"முள் கெட்டுப்போச்சு. அடுத்த வாரம் கழற்றிப் பார்க்கணும்."

டிரெஸ்ஸர் அல்லவா, அவனுக்கு ஒரு சந்தேகம். "எங்க ஆஸ்பத்திரியில நாடி கிடைக்கலேன்னா முதல்ல நோயாளியத்தான் பாப்போம். கடிகாரத்தப் பாக்கமாட்டோம்."

நான் பெரிதாகச் சிரித்தேன். அடுத்த இரண்டு மைலில் இன்ஜினுக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்றம். பிறகு ஒரு பெரிய 'கடக்'. கார் நின்றது. அதோடு எல்லாச் சத்தமும் நின்றது. ரப்பர் மரத்தில் ஒரு குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

செகாமாட்டுக்கு இன்னும் ஏழு மைல். நான் இறங்கி, பெட்டியைச் சாலையோரப் புல்லில் வைத்துத் திறந்தேன். பதினான்கும் வெயிலில் மின்னின. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்சே," என்றார் மிகவும் மரியாதையாக, "எங்க கம்பத்திலிருந்து ஜாலான் முழுக்க மிஞ்ஞாக் கோடு. அதைப் பார்த்துக்கிட்டே வந்தேன். இங்கே முடியுது."

கம்பம் என்றால் கிராமம், ஜாலான் என்றால் சாலை, மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். காருக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்தேன். ஆணி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மாமனார் வண்டியைவிட்டு இறங்கவில்லை. தாம்பாளத்தைப் பிடித்தபடியே கேட்டார்.

"மாப்பிள்ளை, நேத்து வண்டி நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது, மாமா."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லை அவர் இறக்கும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் வைத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வண்டி நின்றது. பன்றிக் கூடைகள் ஏற்றிய லாரி. அதை ஓட்டிவந்தவர் நல்ல மனிதர். இரண்டு கூடைகளுக்கு நடுவே இடம் இருப்பதைக் காட்டினார். மாமனார் தாலியை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். லாரி போய்விட்டது. மணி ஒன்பது.

சாலைக்குச் சமமாக, ஒரு கூப்பிடு தூரத்தில், ரயில் பாதை ஓடியது. அங்கே டிராலியோடு மூன்று பேர் நின்றிருந்தார்கள். டிராலி என்றால் நாலு இரும்புச் சக்கரத்தின் மேல் ஒரு பலகை. பாதை பழுது பார்க்கிறவர்கள் அதைத் தண்டவாளத்தில் வைத்து, பின்னாலிருந்து ஓடித் தள்ளி, வேகம் எடுத்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தலைவர் பெருமாள் என்ற மண்டோர். அவரை நான் முதலில் "ஏப்பா" என்று கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லும்போது "அண்ணே" ஆனார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்த அந்த ஒரு நிமிஷத்தில் "ஐயா" ஆகிவிட்டார்.

"செகாமாட்டுக்குத்தான் ஆணி எடுக்கப் போறோம்," என்றார் பெருமாள். "மத்தியானம் வரைக்கும் ரயில் கிடையாது. மாப்பிள்ளையும் பெரியவரும் உக்காரட்டும். வெளி ஆள ஏத்தக்கூடாது. யாராச்சும் கேட்டா, ரெண்டு பேரும் லைன் கூலின்னு சொல்லிடுவேன்."

மாமனார் தன் ஜரிகை அங்கவஸ்திரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நான்?" என்றேன்.

"தள்ள நாலு ஆள் வேணும். ஒருத்தனுக்குக் காய்ச்சல், மூணு பேருதான் இருக்கோம். கிராணி ஐயா வந்தா சரியாப் போயிடும். கால் சப்பாத்தக் கழட்டிடுங்க, வழுக்கும்."

பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். கோட்டைக் கழற்றவில்லை, அது ஒன்றுதான் மிச்சம் இருந்த மானம். தண்டவாளத்துமேல் வெறுங்காலோடு ஓடுவது அவர்களுக்கு நடப்பதுபோல. எனக்குத் தண்டவாளத்தில் நிற்கவே தெரியவில்லை. தார் எண்ணெய் பூசிய குறுக்குக் கட்டைகளில் தாவித் தாவி ஓடினேன். சரளைக்கல் ஒவ்வொன்றும் என்னைத் தனித்தனியே விசாரித்தது. ஒரு இறக்கம் வந்தது. மூன்று பேரும் தாவி ஏறினார்கள். நானும் தாவினேன். டிராலி அங்கே இல்லை.

கோட்டுவாலும் டையும் காற்றில் பறக்க, கல்யாண மாப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு அரை மைல் ஓடினேன். சுந்தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு கையால் தலைப்பாகையைப் பிடித்திருந்தான், இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தான். மேட்டில் எனக்காக நிறுத்தினார்கள். "மெதுவா வாங்க ஐயா," என்றார் பெருமாள், "மேட்டுலதான் உங்க தயவு வேணும்." அவர் கேலி செய்தாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

கோயில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பெண் வீட்டார் எல்லாரும் வாசலில், சாலையைப் பார்த்து, என் காருக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் பின்பக்கமாக வந்து சேர்ந்தோம். நாகஸ்வரக்காரர் வாழைத் தோட்டத்துக்குள் ஓடிவந்து வாசித்தார். சம்பந்தி மூச்சிரைக்க வந்து, டிராலியைப் பார்த்து, சுந்தரத்தைப் பார்த்து, கடைசியில் மாமனாரிடம் கேட்டார். "உங்க மூத்த மாப்பிள்ளையோட கார்ல வர்றதா எழுதியிருந்தாரே?"

"வந்தோம்," என்றார் மாமனார். "பாதி வழி."

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டும்போது நான் கோயில் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவக் கழுவ எண்ணெய்க் கறுப்பு மேலே ஏறியதே தவிர, போகவில்லை. சட்டை, முகம், கை எல்லாம் ஒரே நிறம். கோட்டை ஒரு கிளையில் மாட்டினேன். அங்கேதான் மிச்ச மானமும் போயிற்று.

பந்திக்கு மணி அடித்தார்கள். பெருமாளும் மற்ற இருவரும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டிப் பந்தலுக்குள் நுழையும்போது பெண் வீட்டு இளைஞர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"லைன் ஆளுங்களுக்குப் பின்னாடி இலை போட்டிருக்கு."

"நான் லைன் ஆள் இல்லை. நான் மாப்பிள்ளையின் அக்காள் புருஷன்."

அவர் என் காலைப் பார்த்தார். நான் உடனே இங்கிலீஷில் பேசினேன். ஒரு மனிதன் குடித்திருக்கிறான் என்று சந்தேகம் வருவதற்கு, வெறுங்காலோடு எண்ணெய் வழிய நின்று இங்கிலீஷ் பேசுவதைவிட நல்ல வழி கிடையாது. நல்லவேளையாக அந்தப் பக்கம் சிவகாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"சிவகாமி, நான் யாருன்னு இவர்கிட்ட சொல்லு."

அவள் நின்றாள். என்னை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தாள். முதல் நாள் ரயில் நிலையத்தில் நான் சொன்னதெல்லாம் அவள் கண்ணில் வரிசையாக ஓடியது எனக்கே தெரிந்தது.

"இவரா," என்றாள். "டிராலி தள்ளிக்கிட்டு வந்தவரு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

பின்புறம் பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு வருஷம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். சம்பளத்துக்கு வந்த ஒரு தொழிலாளியைக்கூட என் வீட்டுப் படியில் உட்காரச் சொன்னதில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமாள் இடம் விட்டு நகர்ந்து, "இந்தப் பக்கம் வாங்க, அங்க வெயில் அடிக்கும்," என்றார். பசியில் நான் சாம்பாரைப் பாதி முடித்திருந்தபோது சுந்தரம் மாலையும் கழுத்துமாகப் பந்தலின் பின்பக்கமாக வந்தான். அவ்வளவு வேகமாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை.

"மண்டோர் அண்ணே, உங்கள எங்கெல்லாம் தேடுறது? எந்திரிங்க. நீங்க மூணு பேரும் என் பக்கத்துலதான் சாப்பிடணும்."

சம்பந்தி பின்னாலேயே வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தார். சுந்தரம் அவரைத் திரும்பிப் பார்த்தான். சம்பந்தி வாயை மூடிக்கொண்டு, உள்ளே மூன்று இலை போடச் சொன்னார். பெருமாள் கூச்சத்தோடு எழுந்தார். நானும் எழுந்தேன்.

"அத்தான், நீங்க உக்காருங்க," என்றான் சுந்தரம். "நீங்க பாதி சாப்பிட்டுட்டீங்க. இலையில சோத்த வெச்சுட்டு எந்திரிக்கக் கூடாது."

அந்தக் கல்யாணத்தில் பின்பந்தியில் கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். பாயசம் எனக்கு வரவில்லை. அப்படி ஒருவன் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

காரை மாடு பூட்டி ஆ லெக்கின் கடைக்கு இழுத்துப் போனேன். இன்ஜினைப் பிரித்துச் செய்து கொடுத்ததற்குக் கூலியாக அவன் அந்தத் தேக்குப் பெட்டியையே எடுத்துக்கொண்டான். அப்போது அந்தப் பக்கம் இங்கிலீஷ் லாரிகள் நிறைய வர ஆரம்பித்திருந்தன. அவற்றுக்கு அந்தப் பதினான்கும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தின. ஜப்பான்காரன் வந்து போய், லாபிஸில் பாதிக் கடைகள் கைமாறிய பிறகும் ஆ லெக் அவற்றை வைத்துத்தான் வேலை செய்தான். ஒன்றின் வாய்கூட அகலவில்லை. ஆகையால் அந்தப் பத்திரிகைக் கனவான்களுக்கு என் தீர்ப்பு: விலை உயர்ந்த ஸ்பேனர் கொடுத்த காசுக்கு நிச்சயம் தகும், அடுத்தவன் கையில்.

சுந்தரத்தின் மகளுக்குப் போன மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவனே நேரில் வந்து அழைத்தான். முதல் பத்திரிகையைப் பெருமாள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான். எனக்குக் கொடுத்த பத்திரிகையில், அச்சடித்த எழுத்துகளுக்குக் கீழே, மருந்து பாட்டிலில் எழுதுகிற அந்தக் குட்டிக் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'அத்தானுக்குப் பந்தி உள்ளே.'

நான் அதை சிவகாமியிடம் பெருமையோடு காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"பத்திரிகையக் கையோட எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள். "வாசல்ல கேட்டா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."